2000 சொல் கட்டுரையில் 3140 சொற்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கேள்வி இது: "பிரசவக் காய்ச்சலைக் கை கழுவுவதன் மூலம் தடுக்கலாம் என்று செம்மல்வைஸ் காட்டிய பிறகும், அவர் காலத்து மருத்துவ உலகம் அதை ஏன் ஏற்கவில்லை? இரண்டு காரணங்களை மதிப்பிட்டு எழுதுக. 2000 சொற்களுக்கு மிகக் கூடாது."

மருத்துவ வரலாற்றை ஒரு பாடமாக எடுத்திருந்த மாணவி இதற்குத் தமிழில் எழுதிய முதல் வரைவு 3140 சொற்களில் வந்து நின்றது. கெடுவுக்குச் சில நாள்களே இருந்தன. எழுத்துக்கு உதவி கேட்டு என்னிடம் வருகிற எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்: "இதுல எதை வெட்டுறது?"

மாணவி என்று சொன்னாலும் இது ஒரு தனி ஆளின் கதை இல்லை. அசைன்மெண்ட்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிற சிக்கல்களை ஒரே கட்டுரைக்குள் வைத்துப் பார்ப்பதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு. செம்மல்வைஸ் பற்றிய வரலாறு மட்டும் உண்மையானது. 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் வேலை பார்த்த ஹங்கேரிய மருத்துவர் அவர். பிரசவக் காய்ச்சல் என்பது பிரசவத்துக்குப் பின் தாய்மார்களுக்கு வருகிற தொற்று.

விதி என்ன சொல்கிறது

முதலில் பாடக் கையேட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் நான்கு விஷயங்கள் இருந்தன. நூற்பட்டியல் கணக்கில் வராது. கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் தரும் மேற்கோள் விவரங்கள் கணக்கில் வரும். அடிக்குறிப்பும் வரும். 2000 சொற்களைத் தாண்டிய பகுதி படிக்கப்படாது.

நான்காவது விதியை மாணவி கவனிக்கவே இல்லை. பத்து சதவீதம் வரை கூடினால் பரவாயில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு சலுகை உண்டு என்பது சரிதான். அங்கெல்லாம் 2000 சொல் கட்டுரைக்கு 2200 வரை விடுவார்கள். ஆனால் அது பொது விதி அல்ல. சில இடங்களில் கூடுதல் சொற்களுக்கு ஏற்ப மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். சில இடங்களில் வரம்பு வந்ததும் திருத்துபவர் பேனாவை மூடிவிடுவார். ஐபி (International Baccalaureate) என்ற பன்னாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தின் நீள்கட்டுரை இந்தக் கடைசி வகை. 4000 சொற்களுக்கு மேல் எழுதியதைத் தேர்வாளர்கள் படிப்பதில்லை. எந்த முறை பொருந்தும் என்பதைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். பக்கத்து இருக்கையில் கேட்கக் கூடாது.

'படிக்கப்படாது' என்ற விதி இந்தக் கட்டுரையை என்ன செய்திருக்கும் என்று பார்த்தால்தான் நிலைமை புரியும். வரைவு இப்படிப் பிரிந்திருந்தது: முன்னுரை 410, செம்மல்வைஸின் வாழ்க்கையும் காலமும் 980, கண்டுபிடிப்பு நடந்த விதம் 720, ஏற்கப்படாததற்கான காரணங்கள் 690, முடிவுரை 340. மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் முதல் இரண்டு பகுதி முடியும்போது 1390. மூன்றாவது முடியும்போது 2110. அதாவது 2000ஆவது சொல் கண்டுபிடிப்புப் பகுதிக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. கேள்வி கேட்டது 'ஏன் ஏற்கவில்லை' என்று. அதற்கான முதல் காரணம் தொடங்குவதற்கு முன்பே திருத்துபவர் நிறுத்தியிருப்பார். நன்றாக உழைத்து எழுதிய கட்டுரை, விடையே எழுதாத கட்டுரையாகக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

1140 சொற்கள் கூடுதல் என்பதைவிட இது பெரிய பிரச்சினை. மாணவிக்கு அது அதுவரை தெரியவில்லை. எண்ணைப் பார்த்தாரே ஒழிய, அந்த எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. வேர்டில் ஒரு பகுதியை மட்டும் தேர்வு செய்தால் அந்தப் பகுதியின் சொல் எண்ணிக்கை கீழே தெரியும். பகுதி பகுதியாக அப்படிக் குறித்துக்கொள்ள சில நிமிடம் போதும். கட்டுரை நீண்டுவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

ஏற்கெனவே செய்து பார்த்தவை

என்னிடம் வருவதற்கு முன் அவர் மூன்று வழிகளில் முயன்றிருந்தார். மூன்றுமே எல்லோரும் செய்பவை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, வாக்கியங்களைச் சுருக்குவது. இதில் அவர் கெட்டிக்காரர். வரைவில் இருந்த ஒரு வாக்கியம் இது:

"அக்காலகட்டத்தில் வியன்னா பொது மருத்துவமனையில் இயங்கி வந்த முதல் பிரசவப் பிரிவில் பிரசவத்திற்காக அனுமதிக்கப்பட்ட தாய்மார்கள் மத்தியில் பிரசவக் காய்ச்சலினால் ஏற்பட்ட இறப்புகளின் எண்ணிக்கையானது மிக அதிக அளவில் காணப்பட்டது என்பது இங்கு குறிப்பிடத்தக்கதாகும்."

25 சொற்கள். அதை இப்படி மாற்றியிருந்தார்:

"வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில் 1847 ஏப்ரலில் சுமார் 18 சதவீதத் தாய்மார்கள் இறந்தார்கள்."

13 சொற்கள். பாதியாகக் குறைந்ததோடு விஷயம் கூடியும் இருக்கிறது. 'மிக அதிக அளவில்' என்பது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 18 சதவீதம் என்றால் தெரியும். நம்முடைய பாடநூல் தமிழ் இந்த மாதிரிச் சதையை நிறையப் பழக்கிவிட்டது: 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்றால் அது மிகையாகாது', 'ஆய்வானது மேற்கொள்ளப்பட்டது', 'பிரச்சினையாகக் காணப்படுகிறது'. ஆய்ந்தார்கள் என்று சொன்னால் தரம் குறைந்துவிடும் என்று மாணவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். தேர்வுத்தாளில் பக்கத்தை நிரப்பிப் பழகிய கை. அது இங்கே வந்து எதிராக வேலை செய்கிறது.

இத்தனையும் சுத்தம் செய்து முடித்தபோது எண்ணிக்கை 2838. முந்நூறு சொற்கள் குறைந்திருந்தன, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வாக்கிய அளவிலான வேலை பெரும்பாலும் இவ்வளவுதான் தரும். அதற்கு மேல் பிழிந்தால் வாக்கியம் தந்தி மாதிரி ஆகிவிடும். கூடுதலாக இருப்பது மூன்றில் ஒரு பங்கு என்றால் பேனாக்கத்தி போதாது.

இரண்டாவது முயற்சி தமிழுக்கே உரியது. சொற்களைச் சேர்த்து எழுதுவது. மென்பொருள் இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகிறது. 'கழுவ வேண்டும் என்று' மூன்று சொல். 'கழுவவேண்டுமென்று' ஒரே சொல். கட்டுரை முழுவதும் இப்படி ஒட்டி 87 சொற்களை மிச்சப்படுத்தினார். 2838 இப்போது 2751 ஆனது.

இது ஏமாற்றா? தமிழில் எதைச் சேர்க்கலாம், எதைப் பிரிக்கலாம் என்பதில் இடம் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டுரைக்குள் ஒரே முறை இருக்க வேண்டும். முன்னுரையில் பிரித்தும் பின்பாதியில் ஒட்டியும் இருந்தால், எந்த இடத்தில் எண்ணிக்கைக் கவலை தொடங்கியது என்று திருத்துபவருக்கு அப்பட்டமாகத் தெரியும். அதைவிட முக்கியமாக, படிக்கிற கண்ணுக்குப் பாரம் ஒரு சொல்கூடக் குறைவதில்லை. ஒட்டியவற்றைத் திரும்பப் பிரிக்கச் சொன்னேன்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. வேற்றுமை, காலம், எண் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்குவது தமிழ். ஆங்கிலத்தில் 2000 சொற்களில் சொல்வதைத் தமிழில் கணிசமாகக் குறைந்த சொற்களில் சொல்லிவிடலாம். ஆங்கில வழிப் பாடத்தின் வரம்பை அப்படியே எடுத்துத் தமிழ் வழி மாணவர்களுக்கு வைத்தால், அதே மதிப்பெண்ணுக்கு நீளமான கட்டுரையைக் கேட்கிறோம் என்று பொருள். இதை யோசித்து வரம்பு வைப்பவர்களை அதிகம் பார்க்க முடிவதில்லை.

மூன்றாவது முயற்சி, 240 சொற்களை அடிக்குறிப்புக்கு இறக்கியது. திரையில் எண் 2511 ஆகிவிட்டது. ஆனால் அந்த எண் பொய். வேர்டில் சொல் எண்ணிக்கைப் பெட்டிக்குள் அடிக்குறிப்புகளையும் சேர்க்கவா என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இல்லாவிட்டால் அடிக்குறிப்பு கணக்கில் வராது. கூகுள் டாக்ஸ் அடிக்குறிப்புகளை எண்ணுவதே இல்லை. கையேடோ அடிக்குறிப்பும் சேரும் என்கிறது. ஆக, திரை என்ன சொன்னாலும் உண்மை எண் 2751தான். விதி அடிக்குறிப்பை விட்டுவிடுகிற இடங்களில்கூட வாதத்தைக் கீழே ஒளித்து வைப்பது வீண் வேலை. திருத்துபவர் மேலே படித்துக்கொண்டு போகிறார். கீழே இருப்பதற்காக மதிப்பெண் தர அவருக்குக் காரணம் இல்லை.

சொற்களைப் படமாக மாற்றி ஒட்டுவது, அட்டவணைக்குள் பத்தி பத்தியாக அடைப்பது போன்றவற்றை இவர் செய்யவில்லை. செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வியிலிருந்து தொடங்கியபோது

அந்த மூன்று திருத்தங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, 3140 சொல் வரைவையே திரும்ப எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னேன்: 'ஏன் ஏற்கவில்லை' என்ற கேள்விக்கு இந்தப் பத்தி என்ன சொல்கிறது? மொத்தம் 19 பத்திகள். ஒன்பது பத்திகளுக்குப் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை.

செம்மல்வைஸ் 1818இல் புடாவில் பிறந்தது, சட்டம் படிக்க வியன்னாவுக்குப் போய் மருத்துவத்துக்கு மாறியது, 19ஆம் நூற்றாண்டு வியன்னாவின் பெருமை, பிரசவக் காய்ச்சலின் நீண்ட வரலாறு, 1865இல் மனநோயாளர் காப்பகத்தில் அவர் இறந்த சோகம். எல்லாம் சரியான தகவல்கள். சுவையாகவும் எழுதியிருந்தார். குறிப்பாக மரணத்தைப் பற்றிய பத்தி, 210 சொற்கள், கட்டுரையிலேயே மிக அழகானது. அதை எடுக்கச் சொன்னபோது மாணவியின் முகம் மாறிவிட்டது.

"எனக்கு இவ்வளவு தெரியும்னு காட்ட வேண்டாமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். நீளமான கட்டுரைகள் பெரும்பாலும் இந்த நினைப்பிலிருந்தே பிறக்கின்றன. படித்ததை எல்லாம் காட்டினால் உழைப்பு தெரியும் என்று நினைக்கிறோம். சொல் வரம்பு வைத்த ஆசிரியர் பார்க்க விரும்புவது வேறு: படித்ததில் எது இந்தக் கேள்விக்கு வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறதா? '2000 சொற்கள்', 'இரண்டு காரணங்கள்' என்று எழுதும்போதே ஒரு காரணத்தை எவ்வளவு ஆழமாகப் பார்க்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லிவிடுகிறார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே அளவு என்ற நியாயமும் அதில் இருக்கிறது. ஒருவர் 2000 சொற்களில் இரண்டு காரணத்தைச் சொல்ல, இன்னொருவர் 3000 சொற்களில் நான்கைச் சொன்னால் யாருக்கு எப்படி மதிப்பெண் போடுவது? நாற்பது பேர் ஆளுக்கு ஆயிரம் சொல் கூட்டினால் திருத்துகிறவர் தலையில் நாற்பதாயிரம் சொல் ஏறுகிறது என்பது தனிக் கணக்கு.

எடுத்த பத்திகளை அழிக்கவில்லை. 'வெட்டியவை' என்று ஒரு தனிக் கோப்பில் போட்டு வைத்தார். இது சின்ன ஏற்பாடுதான், ஆனால் கை நடுங்காமல் வெட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்தக் கோப்பைத் திரும்பத் திறப்பவர்கள் குறைவு.

அடுத்து காரணங்கள் இருந்த 690 சொற்களுக்கு வந்தோம். கேள்வி கேட்டது இரண்டு. மாணவி எழுதியிருந்தது நான்கு: அறிவியல் விளக்கம் இல்லாதது, மருத்துவர்களின் தன்மானம், 1848 புரட்சிக் காலத்து அரசியல், தன் கண்டுபிடிப்பை அவரே ஒழுங்காக வெளியிடாதது. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 170 சொற்கள். எதையும் மதிப்பிட அது போதாது. 'இதுவும் ஒரு காரணம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மட்டுமே போதும். நீளமான கட்டுரையின் மிக முக்கியமான பகுதி மிகவும் குறுகலாக இருந்தது.

முதலாவதையும் நான்காவதையும் வைத்துக்கொண்டார். என் தேர்வாக இருந்தால் தன்மானத்தைத் தனிக் காரணமாக வைத்திருப்பேன். தாயைக் கொன்றது தன் கைதான் என்று ஒரு மருத்துவர் ஒப்புக்கொள்வது லேசான காரியமா? ஆனால் நான்காவதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது என்று அவர் வாதிட்டார், அதுவும் சரியே. 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கிய பிறகு இறப்பு ஓரிரு சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் அந்தச் செய்தியை முதலில் எழுதி வெளியிட்டது அவருடைய சகாவான ஹெப்ரா. செம்மல்வைஸின் முழு நூல் 1861இல்தான் வந்தது. அதற்குப் பின் எதிர்த்த பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று சாடித் திறந்த மடல்கள் எழுதினார். மருத்துவர்களின் தன்மானம் இந்த மடல்களைப் பற்றிய பத்திக்குள்ளேயே வந்து சேர்ந்துகொண்டது. தனித் தலைப்பு தேவைப்படவில்லை.

எல்லாப் பின்னணியும் வீண் என்று சொல்ல முடியாது. கொல்லெட்ச்கா என்ற சகாவின் மரணத்தை எடுத்துக்கொள்வோம். பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி பட்டுக் காயமாகி அவர் இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. பிணத்திலிருந்து ஏதோ ஒன்று கை வழியாகப் போகிறது என்று செம்மல்வைஸ் ஊகித்தது அதிலிருந்துதான். வரைவில் இது கண்டுபிடிப்புப் பகுதியில் 180 சொற்களுக்கு ஒரு துப்பறியும் கதை மாதிரி ஓடியது.

அதை 40 சொற்களாக்கி முதல் காரணத்துக்குள் நகர்த்தியபோது அதன் வேலையே மாறிவிட்டது. ஊகம் 'பிணத் துகள்' என்று தொடங்கியதால், பிரேதப் பரிசோதனையே நடக்காத இடங்களிலும் காய்ச்சல் வருகிறதே என்று எதிராளிகளால் கேட்க முடிந்தது. அந்தத் துகள் என்னவென்று சொல்ல அவரிடம், கிருமிகளே நோயை உண்டாக்குகின்றன என்கிற கிருமிக் கோட்பாடு இல்லை. பாஸ்டரின் ஆய்வுகள் அப்புறம்தான் வந்தன. அறுவை மருத்துவர் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கிருமிநாசினியாகப் பயன்படுத்துவதைப் பற்றி எழுதியது 1867இல். அதே மரணம், அதே தகவல். முன்பு கதை சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது வாதத்தைத் தாங்குகிறது. சொல் வரம்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்த இடமாற்றம் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் வரைவு

எழுதத் தொடங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். முன்னுரை 150, பின்னணி 350, முதல் காரணம் 550, இரண்டாம் காரணம் 600, இரண்டையும் ஒப்பிட்டு எடை போடுவது 200, முடிவுரை 150. கூட்டினால் சரியாக 2000. இதைக் கடைசியில் செய்யாமல் முதல் நாளே செய்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் எழுதிப் பார்க்காமல் என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாதவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் வரைவை வரம்பைப் பற்றிய நினைப்பே இல்லாமல் எழுதிவிட்டு, இரண்டாவதில் கணக்குப் போட்டாலும் சரிதான். முதல் வரைவையே இறுதி வரைவு என்று நினைத்துக்கொண்டு ஓரங்களைச் செதுக்குவதில்தான் சிக்கல்.

முடிந்தபோது முன்னுரை 140, பின்னணி 330, காரணங்கள் 560, 610, ஒப்பீடு 190, முடிவுரை 142. மொத்தம் 1972. மேற்கோள் விவரங்கள் உட்பட.

காரணங்களும் ஒப்பீடும் சேர்ந்து 1360 சொற்கள். முதல் வரைவில் இதற்குக் கிடைத்தது 690. கட்டுரையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்த அதே வேளையில், விடை இருக்கும் பகுதி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அதாவது சுருக்குவதற்காக அவர் புதிதாக நிறைய எழுத வேண்டியிருந்தது. முதலில் கேட்டபோது இதை நம்பவில்லை. 'இன்னும் எழுதச் சொல்றீங்களா?' என்றுதான் பார்த்தார்.

வாக்கியச் சுருக்கத்தை இதற்குப் பிறகே செய்தோம். வரிசை முக்கியம். எப்படியும் போகப்போகிற பத்தியில் உட்கார்ந்து 'என்பது குறிப்பிடத்தக்கது' என்பதை எடுத்துக்கொண்டிருப்பது நேர விரயம். அதைவிட ஆபத்து, செதுக்கிச் செதுக்கி அழகாக்கிய பத்தியை அப்புறம் தூக்கிப்போட மனசு வராது.

வரம்பை எட்டாத கட்டுரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000 கேட்ட இடத்தில் 1300 வந்து நின்றால் மாணவர்கள் முன்னுரையைத்தான் ஊதுகிறார்கள். ஊத வேண்டிய இடம் அது இல்லை. பெரும்பாலும் 'மதிப்பிடுக' என்று கேட்டதற்கு 'விவரி' என்று எண்ணி எழுதியிருப்பார்கள். எதிர்வாதம் ஒன்றையாவது எடுத்துப் பதில் சொன்னால் இடைவெளி தானாக நிரம்பும்.

கைதவறிப் போனது

மதிப்பெண் நன்றாகவே வந்தது. இரண்டாம் காரணத்தைத் திருத்துபவர் தனியாகப் பாராட்டியிருந்தார். பின்னணிப் பகுதியின் ஓரத்தில் மட்டும் ஒரு குறிப்பு: "சான்று எவ்வளவு வலுவானது என்று காட்டவில்லையே?"

அவர் சொன்னது நியாயம். மருத்துவமனையில் இருந்த இரண்டு பிரசவப் பிரிவுகளின் ஒப்பீடு முதல் வரைவில் விரிவாக இருந்தது. வெட்டும் வேகத்தில் அது "இரண்டு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு இருந்தது" என்ற ஒற்றை வரியாக ஆகிவிட்டது. சான்று எவ்வளவு பலமோ அந்த அளவுக்குத்தான் 'ஏன் ஏற்கவில்லை' என்ற கேள்விக்கே பலம். ஒன்பது வெற்றுப் பத்திகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது தவறான கணிப்பு. 'ஏன்' என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத பத்தி கேள்வியின் அடித்தளமாக இருக்கக்கூடும் என்பதை அந்த ஒருவரிச் சோதனை காட்டாது. இப்போதெல்லாம் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்கிறேன்: இந்தப் பத்தியை எடுத்தால் கேள்வி புரியுமா?

வரம்புக்குள் 28 சொல் இடம் மிச்சம் இருந்தது. விட்டுப்போன ஒப்பீட்டை எழுத 26 சொல் போதும்:

"முதல் பிரிவில் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், இரண்டாம் பிரிவில் அந்த வேலைக்கே போகாத மருத்துவச்சிகள். இறப்பு முதல் பிரிவில் 10 சதவீதத்தை ஒட்டியும் இரண்டாவதில் 4 சதவீதத்தை ஒட்டியும் இருந்தது."